அரையடி ஈரம்

மாத்தளைக்கும் கண்டிக்கும் கிழக்கே கிடக்கும் நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேற்பிரிவில் பிறந்தவன் நான். எங்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, மேலே நான்கு 'மலை' தேயிலை; தேயிலை நிலத்தின் ஒரு பிரிவைத்தான் 'மலை' என்போம். அதற்கும் மேலே காடு. பிள்ளைகளாக இருந்த எங்களுக்கு அந்தக் காட்டைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அங்கே அட்டை கடிக்கும், பன்றி வரும், அப்பா ஏலக்காய் பறிக்கப் போவார் என்பவைதாம். ஓணானைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அதனினும் மோசமானது. மானாப்புல்லின் தண்டில் சுருக்குப் போட்டு ஓணான் பிடிப்பதும், பிடித்ததைக் கல்லால் அடிப்பதும் பாவமில்லை என்று அப்பாயி சொல்லியிருந்தார். இராமர் தாகமென்று கேட்டபோது அணில் தண்ணீர் கொண்டுவந்ததாம், ஓணான் மூத்திரம் கொண்டுவந்ததாம். அணிலின் முதுகில் மூன்று கோடு விழுந்ததும், ஓணானின் தலையில் கல் விழுவதும் அதனால்தானாம். கடல் கடந்து வரும்போது எங்கள் ஆட்கள் பாத்திரம் பண்டத்தோடு இந்தக் கதையையும் கொண்டுவந்துவிட்டார்கள் போலும்.

ஒருநாள் அப்பா காட்டிலிருந்து வந்து, "மூக்குல எல வச்ச ஓணான பாத்தேன்டா" என்றார். ஏலக்காய்த் தண்டோடு தண்டாக, அசையாமல், அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததாம். நாங்கள் நம்பவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து அதே காட்டின் வேறொரு மூலையில், பாசி படிந்த மரத்தண்டொன்றில், என் கண்ணுக்கு நேரே அது இருந்தது. மூக்கின் நுனியிலிருந்து இலைத்துளிர் போன்ற தட்டையான சதை நீண்டிருந்தது. நான் நெருங்கியபோது அது ஓடவில்லை. தண்டைச் சுற்றி மெல்ல மறுபக்கம் போய், ஒரு கண்ணால் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கல்லெறிபவனுக்கு இதைவிட வசதியான இலக்கு உலகில் இருக்க முடியாது என்பதுதான் என் மனதில் முதலில் தோன்றியது.

சிங்களத்தில் அதற்குப் 'பெத்தி அங் கட்டுஸ்ஸா' என்று பெயர். அறிவியல் பெயர் செரட்டோஃபோரா டென்னென்டி. 1845 முதல் 1850 வரை இலங்கையில் காலனியச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டென்னென்டின் பெயரை 1861இல் இதற்குச் சூட்டினார்கள். தமிழில் பெயரில்லை. என் அப்பா சொன்னதையே சற்றுத் திருத்தி 'இலைமூக்கு ஓணான்' என்று நான் எழுதிக்கொள்கிறேன். இது நக்கிள்ஸ் மலைகளில் மட்டுமே வாழ்கிறது. செரட்டோஃபோரா என்ற பேரினமே இலங்கைக்கு வெளியே எங்கும் கிடையாது. கொம்புமூக்கன் ஒன்று நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் உயர்மலைகளில் இருக்கிறது. சொரசொரப்பான மூக்குடைய சிறியதொன்று சிங்கராஜா போன்ற தாழ்நிலக் காடுகளில் இருக்கிறது. 1998இல் விவரிக்கப்பட்ட எர்டெலெனி, கரு ஆகிய இரண்டும் ரக்வானை மலைகளில் சில சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. மலைக்கு மலை வேறு ஓணான் என்று பங்கு பிரித்துக்கொண்டதைப் போன்ற இந்த அமைப்பில், ஒரு மலையின் காடு போனால் அதற்குரிய ஓணான் அண்டை மலைக்குக் குடிபெயர்ந்துவிடாது.

தவளைகளின் கதை இன்னும் நுட்பமானது. அதைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்புத் தற்செயலாகவே எனக்குக் கிடைத்தது. சில ஆண்டுகளுக்கு முன் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் இரவுக் கணக்கெடுப்புக்கு வந்தபோது, வழி தெரிந்தவன் என்ற தகுதியில் நானும் கூடப் போனேன். மழை விட்டு அரைமணி நேரமாகியிருந்தது. காட்டுக்குள் நாலாபக்கமும் 'டிக் டிக்' என்றும், கண்ணாடிக் குண்டுகளை ஒன்றோடொன்று மோதவிடுவது போலவும் ஓசைகள். பூச்சி என்றுதான் நான் நினைத்தேன். தலைவிளக்கைத் திருப்பிய மாணவி, "அங்கிள், பூச்சி இல்ல, இதெல்லாம் தவள" என்றாள். ஓசை வரும் திசையில் இருவர் இரு பக்கமாக நின்று விளக்கடித்தால், இரண்டு ஒளிக்கற்றைகளும் சந்திக்கும் இடத்தில், இலைமேல், என் பெருவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு தவளை தொண்டையை ஊதிக்கொண்டு அமர்ந்திருக்கும். நுணலும் தன் வாயால் கெடும் என்று எந்தக் காலத்திலோ சொல்லிவைத்தவர் இந்த வேலையைச் செய்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்த மாணவர்களைப் பொறுத்தவரை வாயைத் திறக்கும் தவளைதான் கணக்கில் சேர்ந்து பிழைக்க வழியுள்ளது. மௌனமாக இருப்பது அட்டவணைக்கே வராமல் போகிறது.

ஏறத்தாழ 65,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இத்தீவில் இன்று அறியப்பட்டுள்ள நீர்நில வாழ்வினங்கள் 120 அளவில் உள்ளன. பத்துக்கு ஒன்பது வேறெங்கும் இல்லாதவை. நான் பள்ளியில் படித்த காலத்தில் இந்த எண்ணிக்கை நாற்பதைக்கூடத் தொட்டிருக்கவில்லை. 1990களில் ஆய்வாளர்களான ரொஹான் பெத்தியகொடவும் கெலும் மனமேந்திர ஆரச்சியும் அவர்களுடன் சேர்ந்தவர்களும் மலை மலையாக ஏறி இரவுகளைக் கழித்ததன் பயனாகவே மற்றவை வெளிச்சத்துக்கு வந்தன. 2002இல் 'சயன்ஸ்' இதழில் வந்த அவர்களது கட்டுரை இத்தீவைத் தவளைகளின் பெருங்களஞ்சியம் என்று உலகுக்குச் சொன்னது. 2005இல் ஒரே ஆய்வுக்கட்டுரையில் 27 புதிய புதர்த்தவளை இனங்களை அவ்விருவரும் விவரித்தார்கள். கூடவே ஒரு கசப்பும் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் பிடித்து இலண்டனுக்கு அனுப்பப்பட்டுச் சாராயப் போத்தல்களில் கிடக்கும் ஏறத்தாழ இருபது இனங்களை எங்கு தேடியும் காணவில்லை. கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மலைகளை மொட்டையடித்த காலம் அது. அந்தக் காட்டை வெட்டிய கைகள் எங்கள் பாட்டன்மாருடையவை; அக்காலத்து வெள்ளையர் சிலரின் பெயர்கள் தவளைகளுக்குச் சூட்டப்பட்டிருக்கின்றன என்பதை ஒரு பக்கக் குறிப்பாக மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இப்புதர்த்தவளைகளின் பேரினமான சூடோஃபிலாட்டஸில் தலைப்பிரட்டையே கிடையாது. பள்ளிப் பாடநூலில் நாம் படம் வரைந்து பாகம் குறித்த முட்டை, தலைப்பிரட்டை, தவளை என்ற வரிசை இவற்றுக்குப் பொருந்தாது. மழையிரவில் இணை தரைக்கு இறங்குகிறது. பெண் தவளை உதிர்ந்த இலைகளுக்கு அடியில் சிறு குழி தோண்டி முட்டையிட்டு, முட்டைகளை மண்ணோடு கலந்து மூடிவிடுகிறது. சில வாரங்கள் கழித்து முட்டைக்குள்ளிருந்து நான்கு காலும் முளைத்த குட்டித் தவளையே வெளியே வருகிறது. சில இனங்கள் தரைக்கு வராமல் இலையின் அடிப்பக்கத்தில் முட்டை ஒட்டுவதும் உண்டு. ஆகவே இவற்றுக்குக் குளமோ ஓடையோ தேவையில்லை. அதற்கு ஈடாக, மண்ணை ஒட்டிய அரையடி உயரத்துக்குக் காற்றும் இலைமக்கும் ஒருநாளும் காய்ந்துபோகக் கூடாது. தவளை தோலால்தான் தண்ணீரை உறிஞ்சுகிறது, மூச்சிலும் ஒரு பகுதியைத் தோலால்தான் விடுகிறது என்பதையும், ஓடில்லாத அதன் முட்டையை மண்ணின் ஈரம் ஒன்றே காக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இவற்றின் உண்மையான சரணாலயம் வரைபடத்தில் பச்சை பூசிய பரப்பு அன்று, மரங்களின் நிழல் தரையில் பிடித்துவைத்திருக்கும் அந்த அரையடி ஈரமே என்பது விளங்கும்.

அன்றிரவு மாணவர்கள் கயிற்றால் ஒரு மீட்டர் சதுரம் அமைத்து, அதற்குள் கிடந்த சருகுகளை ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். முதல் சதுரத்தில் எதுவுமில்லை, இரண்டாவதிலும் இல்லை. ஐந்தாவதில் மிளகு மணி அளவில், மண் பூசிய முட்டைகள் சில கிடைத்தன. எண்ணிக் குறித்துக்கொண்ட பிறகு, எடுத்த வரிசைக்கு நேர்மாறான வரிசையில் சருகுகளைத் திரும்ப அடுக்கினார்கள். அந்த அடுக்கலுக்கு எண்ணுவதைவிட இருமடங்கு நேரம் பிடித்தது. காட்டைக் காப்பது என்றால் துப்பாக்கியும் சீருடையும் என்று நினைத்திருந்த எனக்கு அந்த இருபது நிமிடங்கள் வேறொரு படத்தைக் காட்டின.

இனி அப்பாவின் ஏலக்காய்க்கு வருகிறேன். இந்தக் காட்டின் மிகச் சிக்கலான விடயம் அதுதான். நக்கிள்ஸில் ஏலம் பயிரிட்டவர்கள் பெரிய மரங்களை வெட்டுவதில்லை, ஏனெனில் ஏலத்துக்கு நிழல் வேண்டும். வெட்டியது அடியில் முளைத்த செடிகளையும் கன்றுகளையுந்தான். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் காடு காடாகவே தெரியும். உள்ளே போனால் மேலே கூரையும் கீழே ஏலமும் இருக்கும், நடுவில் எதுவும் இராது. முதிர்ந்த மரம் விழுந்தால் அந்த இடத்தை நிரப்ப இளமரம் இல்லை. பறித்த காயை உலர்த்தும் கொட்டகைகளில் நாள்கணக்கில் அடுப்பெரிய வேண்டும். அதற்கான விறகும் அதே காட்டிலிருந்துதான் வந்தது. 2000ஆம் ஆண்டில் இக்காடு பேணற்காடாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டு, 2010இல் சிவனொளிபாதமலைக் காட்டோடும் ஹோர்ட்டன் சமவெளியோடும் சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றபோது, ஏலத்துக்கு இங்கே சட்டப்படியான இடம் இல்லாமற் போனது.

அந்தத் தடை சரியே என்பது என் கருத்து. மரக்கன்று முளைக்காத காட்டுக்கு ஆயுள் ஒரு தலைமுறைதான். ஆனாலும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். இலைமூக்கு ஓணான் ஏலக்காட்டுக்குள்ளும் வாழ்கிறது; கூரையும் நிழலும் குளிர்ச்சியும் இருந்ததால் அது அங்கே தங்கிவிட்டது. அப்பா கண்டதும் அதைத்தான். தேயிலைக்குள் அது ஒரு நிரைகூட இறங்கி வருவதில்லை. வெயில் படும் தேயிலையில் நீங்கள் காண்பது வேலியோரத்துச் சாதாரண ஓணானைத்தான். மனிதர் தொட்ட நிலமெல்லாம் ஒரே அளவில் கெட்டுப்போவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். தடை வந்தபோது, எந்த ஓடையருகே எந்த உயிர் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய ஏலக்காட்டுத் தொழிலாளர்கள் பலர் ஒரே நாளில் அத்துமீறுபவர்கள் ஆனார்கள். எங்கள் லயத்தில் அப்படி நால்வராவது இருந்தார்கள். அவர்களை வழிகாட்டிகளாகவோ காவலர்களாகவோ சேர்த்துக்கொண்டிருக்கலாமே என்று இன்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அன்று கேட்க ஆளில்லை. அப்பா அதன்பின் கொந்தரப்புக்கு (ஒப்பந்தக் கூலிக்கு) தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போனார். இலைமூக்கனைப் பற்றி அவர் மறுபடி பேசி நான் கேட்டதில்லை.

இம்மலைகளில் இன்னும் இரண்டைக் குறிப்பிடாமல் போக மனமில்லை. ஒன்று, உயரமான, பாசி தொங்கும் காட்டுப் பகுதிகளில் மட்டும் காணப்படும் சிற்றோணானான கோஃபோட்டிஸ் தும்பர. 2006இல்தான் இதைத் தனி இனம் என்று விவரித்தார்கள். பற்றிக்கொள்ளும் வாலுடைய இந்தப் பேரினம் முட்டையிடாமல் குட்டி போடும். குளிர்ந்த மண்ணில் முட்டை பொரிவது கடினம் என்பதால் தாய் தன் உடம்பையே அடைகாக்கும் இடமாக்கிக்கொண்டது என்று சொல்கிறார்கள். மற்றது பிட்டவல பத்தனை என்ற மலைப் புல்வெளியின் பக்கத்துப் பாறைகளில் வாழும் நானோஃப்ரிஸ் மர்மோரட்டா என்ற பாறைத்தவளை. பாறையிடுக்குக்குள் நுழையத் தோதாகச் சப்பையான உடம்பு கொண்ட இதற்குத் தலைப்பிரட்டை உண்டு. அவை குளத்தில் நீந்துவதில்லை, பாறைமேல் மெல்லிய படலமாக வழியும் நீரில் ஒட்டிக்கொண்டு வளர்கின்றன. நெற்றிவியர்வை அளவு தண்ணீர் போதும் அவற்றுக்கு. அதே பாறையில் வந்து அமர்ந்து, கைகழுவி, சோற்றுப்பொதியின் மிச்சத்தையும் ஷாம்பு பைக்கற்றையும் விட்டுப் போகிறவர்களுக்குத் தங்கள் காலடியில் ஒரு பிள்ளைமடம், குழந்தைக் காப்பகம், இருப்பது தெரியாது. எறியப்பட்ட சோற்றுக்குக் காகம் வருகிறது. சோறு தீர்ந்தால் காகம் ஓணானைப் பிடிக்கிறது. ஹோர்ட்டன் சமவெளியில் நுழைவாயிலிலேயே பொலித்தீன் உறைகளைக் கழற்றி வாங்கிவிடுகிறார்கள். அந்த வழக்கத்தை முதன்முறை கண்டபோது இது அதிகப்படி என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன்.

களவு பற்றியும் சொல்ல வேண்டும். வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இலிருந்தே நடைமுறையில் இருந்தும், இத்தீவின் ஓணான்கள் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் வளர்ப்புப் பிராணிகளாகக் கண்ணாடிப் பெட்டிகளில் விற்கப்பட்டன. இங்கே பிடிப்பது குற்றம். ஆனால் விமானம் ஏறிவிட்டால் அங்கே அதைக் கேட்க அப்போது சட்டமில்லை. 2019இல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை நாடுகளின் மாநாட்டில் இலங்கை முன்மொழிந்து அந்த ஓட்டையை அடைத்தது. இலைமூக்கனும் ரக்வானை மலைகளின் இரண்டும் கோஃபோட்டிஸ் இரண்டும் வணிகம் அறவே தடைசெய்யப்பட்ட முதலாம் பட்டியலில் ஏறின. கொம்புமூக்கனும், சிவந்த வாயைப் பிளந்து பயமுறுத்திவிட்டுப் பின் செத்ததுபோல் கிடக்கும் லிரியோசெஃபாலஸ் என்ற ஓணானும் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தன. அந்த மாநாடு முதலில் கொழும்பில் நடப்பதாக இருந்தது; ஈஸ்டர் ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டது. குருதி உலராத அந்த மாதங்களில் ஓணானுக்காகவும் யாரோ உட்கார்ந்து தாள் எழுதியிருக்கிறார்கள் என்பது எனக்கு ஏதோ ஒரு வகையில் ஆறுதலாக இருந்தது. சட்டம் ஒருபுறமிருக்க, நாமே செய்யும் உதவியும் உண்டு: அரிய ஓணானைப் படமெடுத்து, இடத்தின் பெயரோடும் பாதைக் குறிப்போடும் முகநூலில் போடுவது. பிடிப்பவனுக்கு அதற்குமேல் வழிகாட்டி தேவையில்லை. இந்தக் கட்டுரையில் நான் கண்ட மரம் எந்தப் பாதையில் என்று எழுதாமல் விட்டதற்கும் அதுவே காரணம்.

அற்றுப்போனவை திரும்பி வந்த செய்திகளும் இருக்கின்றன. கெலார்ட் என்ற இலங்கையில் பிறந்த மருத்துவர் 1853இல் விவரித்த விண்மீன் புள்ளிப் புதர்த்தவளையை ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகள் யாரும் காணவில்லை. 2009இல் ஆய்வாளர் மெண்டிஸ் விக்ரமசிங்கவின் குழு அதைச் சிவனொளிபாதமலைக் காட்டில் கண்டது. அதே காட்டில் அதே காலத்தில் கண்டித் தேரையும் கிடைத்தது. செய்தித்தாள்களில் இது அதிசயம் என்று வந்தது. தேடிப் போகாத இடத்தில் இருந்தது என்பதற்கு மேல் இதில் அதிசயம் இல்லை என்று எனக்குப் படுகிறது. அந்தக் காட்டை யாரும் வெட்டாமல் விட்டதுதான் அந்தத் தவளை பெற்ற பேறு. இலங்கையின் மழைக்காட்டில் 95 விழுக்காடு ஏற்கெனவே போய்விட்ட நிலையில், மிஞ்சிய ஐந்தின் ஓரங்களில் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்கத் தலைவிளக்குகூட வேண்டாம், பகல் வெளிச்சமே போதும்.

அந்த ஓரங்கள் எங்கள் ஆட்களின் வேலைத்தலம். காட்டெல்லையை ஒட்டிய தேயிலை மலையில் கான் (நீர் வடியும் வாய்க்கால்) வெட்டினால், மேலேயுள்ள காட்டின் நீரும் சேர்ந்து வடிந்துவிடுகிறது. எல்லையில் வளர்ந்த செடிகொடிகளை வெட்டித் துப்புரவாக்கினால் காற்றும் வெயிலும் பல மீட்டர் தூரம் காட்டுக்குள் புகுந்து சருகைக் காயவைக்கின்றன. பிறகு மருந்தடிப்பு. கிளைபொசேட் என்ற களைக்கொல்லியை 2015இல் தடைசெய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் மீண்டும் அனுமதித்தார்கள். மருந்து பம்பியைத் தோளில் சுமப்பவருக்கு எல்லை எங்கே முடிகிறது என்று யாரும் காட்டிக்கொடுப்பதில்லை. ஆடி ஆவணியில் பத்தனைகளில் வைக்கும் தீ காட்டின் விளிம்பைக் கருக்கிவிட்டுப் போகிறது. அடுத்த ஆண்டு அந்த இடத்தில் மானாப்புல் ஓரடி முன்னேறியிருக்கும். இவற்றில் எதுவும் செய்தித்தாளில் வராது. ஓரிடத்தில் நின்ற அறிவிப்புப் பலகையொன்றில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஓணான்களைப் பற்றி அழகாக எழுதியிருந்தார்கள். தமிழில் 'பல்லிகளைத் தொடாதே' என்று மட்டும் இருந்தது, அதிலும் எழுத்துப்பிழை. வீட்டுச் சுவரில் கௌளி சொல்லும் பல்லியைத் தொட வேண்டாமென்று காட்டின் ஓரத்தில் ஏன் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று எங்கள் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

போன ஆண்டு இறுதிப் பருவமழைக்கு முன் தோட்டத்துக்குப் போயிருந்தேன். என் மச்சான்தான் இப்போது அந்த மேல்மலையின் கங்காணி. காட்டை ஒட்டிய கடைசி இரண்டு கானையும் ஐப்பசி, கார்த்திகை மழை முடியும்வரை வெட்டாமல் விடச் சொன்னேன். தவளை இறங்கி முட்டையிடும் காலம் என்று விளக்கினேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

"தீவாளி கழிச்சி வெட்டிக்கலாம் மச்சான், அது ஒண்ணும் பெரிய காரியமில்ல. ஆனா தொர கேட்டா என்னான்னு சொல்றது? தவளைக்காகவுன்னா சிரிக்க மாட்டாரா?"

அன்றிரவு லயத்து வாசலில் உட்கார்ந்து அரைப் பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதினேன்: எந்தக் கான், எத்தனை வாரம், என்ன காரணம், காட்டின் ஈரம் தங்கினால் கீழ்மலைத் தேயிலைக்கும் கோடையில் லயத்துக்கு வரும் பீலித் தண்ணீருக்கும் என்ன பயன். தவளை என்ற சொல்லை மூன்றாவது வரியில்தான் வைத்தேன். மச்சான் அதை மடித்து, ஆள்கணக்கு எழுதும் செக்ரோல் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். தை மாதம் தொலைபேசியில் பேசியபோது முதல் கானை வெட்டச் சொல்லிவிட்டார்கள் என்றும், இரண்டாவதை யாரும் கேட்கவில்லை, அதனால் அது இன்னும் சருகு மூடி அப்படியே கிடக்கிறது என்றும் சொன்னார்.